விழுப்புண்ணும் இற்செறிப்பும்

“நடக்க முடியுதுல்ல, அப்புறம் என்ன?”

விளையாடி அடிபட்ட பெண்ணிடம் நம் ஊரில் தவறாமல் சொல்லப்படும் வாக்கியம் இது. எலும்பு மருத்துவர் சொல்கிறார், உடற்கல்வி ஆசிரியர் சொல்கிறார், விடுதிக் காப்பாளர் சொல்கிறார், பெற்ற தாயும் சொல்கிறாள். கேட்க ஆறுதல் போல இருக்கும். உண்மையில், அந்தப் பெண்ணின் கால் எதுவரை குணமானால் போதும் என்று அவளைக் கேட்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு அது. அதே வீட்டில் மகனுக்குக் கால் அடிபட்டால் மருத்துவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “மறுபடி எப்போ விளையாடலாம் டாக்டர்?” என்பதாக இருக்கும். மகளுக்குக் கேட்பது, “கீழே உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா? பின்னாடி ஏதும் பிரச்சினை வராதே?” பின்னாடி என்றால் கல்யாணத்துக்குப் பின்னாடி.

விளையாட்டில் காயம்பட்ட பெண்ணுக்கு முறையான இயன்முறை மருத்துவம் கிடைக்காமல் போவதற்குப் பணம் இல்லை, விவரம் தெரியவில்லை என்று காரணம் சொல்கிறோம். இரண்டும் உண்மை. ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. பெண்ணுடல் எதற்காக இருக்கிறது என்று இந்தச் சமூகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சமைக்க, துவைக்க, நடக்க, பிள்ளை பெற அந்த உடம்பு தேறிவிட்டால் சிகிச்சை முடிந்தது. ஓடவும் தாவவும் சுழலவும் தேற வேண்டும் என்று அவள் கேட்டால் அது ஆடம்பரம், அடம். இந்தக் கணக்கைத்தான் இங்கே எதிர்க்கிறேன்.

தமிழ் படித்தவள், தமிழ் நடத்துகிறவள் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஆணின் காயத்துக்கு நம் மொழி பெயர் வைத்திருக்கிறது: விழுப்புண். முகத்திலும் மார்பிலும் பட்ட புண் பெருமை, முதுகில் பட்டது இழிவு. விழுப்புண் படாத நாட்களை எல்லாம் வீணாய்ப் போன நாட்களாக எண்ணிப் பார்க்கும் வீரனைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் காட்டுகிறது. புறநானூற்றில் ஒரு முதியவள், மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்டு, வாளோடு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த அவனைக் கண்டதும் அவனைப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். மகனின் காயம் எங்கே பட்டது என்று சோதிக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு. அவளுடைய காயத்துக்கு அங்கே ஒரு சொல்கூட இல்லை.

பெண்கள் விளையாடவில்லை என்பதல்ல. சங்கப் பாடல்களில் பந்தாடுகிறார்கள், கழங்காடுகிறார்கள், ஊசலாடுகிறார்கள், ஓரையாடுகிறார்கள், புனலில் பாய்கிறார்கள். பிறகு ஒருநாள் அவர்களை வீட்டுக்குள் அடைக்கிறார்கள். அதற்கும் பெயர் உண்டு: இற்செறிப்பு. பருவம் வந்துவிட்டது, ஊர் அலர் தூற்றுகிறது, காவல் வேண்டும் என்று அதற்குக் காரணங்கள். அகத்திணையில் ஒரு நிகழ்வாக அதை வகுப்பில் நடத்திவிட்டு வெளியே வந்தால், மைதானத்தில் நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி இன்று இல்லை. விசாரித்தால், “கால்ல அடி மேடம், வீட்டுல வேண்டாம்னுட்டாங்க.” இன்றைய இற்செறிப்புக்கு அலர் தேவையில்லை. கிழிந்த ஒரு ஜவ்வு போதும்.

என் மாணவி ஒருத்தி. கல்லூரிக் கபடி அணியில் ரைடர். அப்பாவுக்குக் கட்டட வேலை. ஒரு போட்டியில் எதிரணிப் பெண்கள் பிடித்து இழுக்க, வலது கால் தரையில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே ‘டொப்’பென்று சத்தம் கேட்டது என்றாள். ஸ்பிரே அடித்தார்கள், கிரேப் பேண்டேஜ் சுற்றினார்கள், பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் சுளுக்கு எடுப்பவர் பந்துபோல வீங்கியிருந்த முட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி நீவினார். வீக்கம் இன்னும் கூடியது. அப்புறம் கட்டுப் போட்டு மூன்று வாரம் படுக்கை. வலி குறைந்தது. எழுந்து நடந்தாள். நடக்க முடியுதுல்ல!

இரண்டு மாதம் கழித்து மாடிப்படி இறங்கும்போது மூட்டு நழுவி விழுந்தாள். ஸ்கேனில் முன்பக்க ஜவ்வு முழுதாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. மருத்துவர் அவளைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்: “கல்யாணம் ஆகப்போற பொண்ணு, கால்ல தழும்பு எதுக்கு? விளையாட்டை விட்டுட்டா ஆபரேஷனே வேண்டாம்.” அறுவை இல்லாமலும் சிலர் சமாளிக்கலாம் என்பது மருத்துவத்தில் உண்மைதான். முறையான பயிற்சியால் மூட்டை உறுதியாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மருத்துவர் அவளைப் பயிற்சிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கு அனுப்பினார். அவள் அந்த அறையில் ஒரு வார்த்தையும் பேச வாய்ப்பு வரவில்லை.

முட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டால், இந்த ஒற்றை வாக்கியத்தின் பொய் தெரியும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே இரண்டு தசைநார்கள் சிலுவைபோலக் குறுக்கிட்டுப் பிணைக்கின்றன. அவற்றில் முன்னால் இருப்பதைத்தான் விளையாட்டுக்காரர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள், நாம் ஜவ்வு என்கிறோம். கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமல், மூட்டு முறுக்கிக்கொள்ளாமல் அது காக்கிறது. ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது, குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போது, ஊன்றிய கால்மேல் உடம்பு சுழலும்போது அது கிழியும். பல நேரம் யாரும் இடிக்காமலே கிழியும். நேராக, சமதளத்தில் நடப்பதற்கு அந்தத் தசைநார் பெரிதாகத் தேவைப்படாது. அதனால்தான் அது அறுந்தபின்னும் வீக்கம் வடிந்ததும் நடக்க முடிகிறது. ஆக, நடக்க முடிவது மூட்டு தேறியதற்குச் சான்றே இல்லை. திரும்பும்போதுதான் அது கைவிடும்.

படுக்கை இதைச் சரிசெய்யாது. கிடக்கும் வாரங்களில் முன்தொடைத் தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிகிறது. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை அந்தத் தசை முழுதாக இயங்காதபடி நரம்பு மண்டலமே அடக்கிவைக்கிறது. வலி போனபின்பும் அது தானாக விழித்துக்கொள்வதில்லை. வேலை கொடுத்து எழுப்ப வேண்டும், எவ்வளவு வேலை, எந்த வரிசையில் என்று தெரிந்து எழுப்ப வேண்டும். இயன்முறை மருத்துவர் நான்கு ஆண்டுக்கு மேல் படித்துக் கற்றுவருவது இதைத்தான்.

முதல் வாரங்களில் வீக்கத்தை வடிப்பது, முட்டியை முழுதாக நீட்டவைப்பது, தொடையை இறுக்கப் பழக்குவது. பிறகு இரண்டு காலிலும், அப்புறம் ஒற்றைக்காலிலும் உட்கார்ந்து எழும் பயிற்சிகள், படி ஏறி இறங்குவது, எடை தூக்குவது. அதற்குப்பின் ஓட்டம், தாவல், சத்தமில்லாமல் தரையிறங்குவது, திரும்புவது. கடைசியில்தான் ஆட்டம். அறுவை செய்துகொண்டவர்கள் 9 மாதத்துக்கு முன்பே களத்துக்குத் திரும்பினால் மறுபடி அடிபடும் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்தை எண்ணுவது மட்டும் போதாது. அடிபட்ட காலின் தசை வலிமை மற்றக் காலினுடையதில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக்கால் தாவல் சோதனைகளில் தேற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். நம் பெண்களில் எத்தனை பேரின் தொடை வலிமையை யாராவது அளந்திருக்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டுக்காகச் சென்டிமீட்டரில் உயரம் அளந்திருக்கிறார்கள்.

கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் இந்தத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 மடங்கிலிருந்து 8 மடங்குவரை அதிகம் என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இதைச் சொன்னதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: பெண்ணின் இடுப்பு அகலம், ஹார்மோன், மாதவிடாய், இளகிய மூட்டு, இயற்கையே அப்படி, எனவே உனக்கு எதற்கு இந்த ஆட்டம்? உடற்கூறுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2021-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஜோவான் பார்சன்ஸ், ஸ்டெஃபனி கோயன், ஷெரீ பெக்கர் ஆகிய மூன்று பெண் ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, கேள்வியையே திருப்பிப் போட்டது. பெண் உடலை மட்டும் குடைந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அந்த உடல் வளர்ந்த சூழலையும் பாருங்கள் என்றார்கள். சிறுவயதில் எப்படி ஓடவிட்டார்கள், எடைப் பயிற்சிக் கூடம் யாருக்குத் திறந்திருந்தது, பயிற்சியாளர் யார்மேல் நேரம் செலவிட்டார், காயத்துக்குப்பின் மீட்பில் யாரிடம் எவ்வளவு எதிர்பார்த்தார்கள் என்பதெல்லாம் ஜவ்வில் போய்ச் சேர்கிறது என்பது அவர்கள் வாதம்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! ஆறு வயதில் மதில் ஏறிக் குதிக்கும் பையனை “வாலு” என்று கொஞ்சுகிறோம், பெண்ணைக் “காலை அடக்கி உட்காரு” என்கிறோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவன் உடம்பு குதித்து இறங்கக் கற்றுக்கொண்டே இருக்கிறது. அவளோ, வயதுக்கு வந்தபின் ஓடுவதையே மறந்து, கல்லூரிக்கு வந்து பதினெட்டு வயதில், போட்டிக்கு மூன்று வாரம் முன் கபடியில் இறக்கப்படுகிறாள். கிழிந்தால் இயற்கை மேல் பழி.

இயற்கைதான் காரணம் என்றால் பயிற்சியால் குறையக்கூடாது அல்லவா? குறைகிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள கால்பந்துப் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஏறத்தாழ 20 நிமிடம், ஓட்டம், தசை வலிமை, சமநிலை, சரியாகத் தரையிறங்குதல் ஆகியவற்றைச் சேர்த்த ஒரு தயார்ப்பயிற்சி. அதைச் செய்த குழுவில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் அதைவிடவும் குறைந்தன. இதற்குக் கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம். சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும், பெண்களின் முட்டி காக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் வேண்டும்.

2022 நவம்பரில் சென்னையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கால்பந்து ஆடிய 17 வயதுக் கல்லூரி மாணவி, மூட்டு ஜவ்வுக்காக அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டார். அறுவைக்குப்பின் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. வேறு மருத்துவமனைக்கு மாற்றி, காலையே அகற்றினார்கள். ஆனாலும் நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். மருத்துவர்களின் கவனக்குறைவு என்று அரசே சொன்னது, இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அறுவை என்பது சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே, அதற்குப்பின் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க, விரல்களின் நிறம் பார்க்க, மரத்திருக்கிறதா என்று கேட்க ஆள் வேண்டும் என்பதை நாம் அந்த மரணத்திலிருந்து கற்றிருக்க வேண்டும். கட்டுப் போட்ட காலில் பொறுக்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல் வெளிறுதல் அல்லது குளிர்ந்துபோதல் இருந்தால் அந்த நிமிடமே கட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். “பொறுத்துக்கோம்மா” என்பது மருத்துவம் ஆகாது.

ஆனால் வீடுகள் கற்ற பாடம் வேறு. அந்த மாதமே என் வகுப்பில் இரண்டு பெண்களை அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு வம்பு?” தப்பு செய்தது கட்டு. தண்டனை விளையாட்டுக்கு.

இயன்முறை மருத்துவம் என்றதும் குறுக்கே வரும் அடுத்த சுவர், தொடுகை. “ஆம்பளப் பிசியோ தொடையைப் பிடிப்பாராமே.” முட்டிக்கு மேல் துணியை உயர்த்த வேண்டும், ஷார்ட்ஸ் போட வேண்டும், மல்லாந்து படுக்க வேண்டும். சின்ன ஊர்களில் பெண் பிசியோ கிடைப்பது அரிது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். கூச்சத்தை நான் கேலி செய்யவில்லை. தொடுகையால் காயப்பட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வீங்கிய முட்டியை எண்ணெயில் நீவும்போது வராத மானப்பிரச்சினை, படித்துப் பட்டம் பெற்றவர் தொடும்போது மட்டும் எப்படி வருகிறது?

இந்தத் துறையின் வரலாற்றை அறிந்தால் இந்தத் தடை இன்னும் விநோதமாகத் தெரியும். 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர் சேர்ந்து, பயிற்சிபெற்ற பிடித்துவிடும் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் பாலியல் தொழில் நடப்பதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். உடம்பைத் தொட்டுக் குணமாக்குவது கண்ணியமான தொழில், அதற்குப் படிப்பும் தேர்வும் நெறியும் உண்டு என்று நிறுவவே அந்தச் சங்கம். இன்று பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்களுக்கான பெரிய அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். முதல் உலகப்போரில் சிதைந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை எழுந்து நடக்கவைத்தவர்களும் பெண்களே. 1921-இல் அவர்கள் தொடங்கிய சங்கத்தின் முதல் தலைவர் மேரி மக்மில்லன். போரில் விழுப்புண் பட்ட ஆணுடலை மீட்கப் பெண்கள் கைகளால் கட்டி எழுப்பிய கலை இது. அதன் வாசலில் நம் பெண்ணை நிறுத்தி, “உனக்கு எதற்கு?” என்கிறார்கள்.

தொடுகை பற்றிய பயத்துக்குப் பதில் சிகிச்சையைக் கைவிடுவதாக இருக்க முடியாது. எங்கே தொடப்போகிறீர்கள், ஏன் என்று கேட்கலாம். முதலில் சொல்லிவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லலாம். பெண் உதவியாளரோ தோழியோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். போதும், நிறுத்துங்கள் என்று நடுவில் சொல்லலாம். நல்ல மருத்துவர் இதில் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார், சுளித்தால் எழுந்து வரலாம். நம் உடம்பைப் பற்றிப் பேச நமக்குச் சொல் இருக்க வேண்டும். தொடை, இடுப்பு, பிட்டம் என்று கூசாமல் சொல்லத் தெரியாத பெண்ணிடம் வலி எங்கே என்று கேட்டால் “இங்கதான், கீழ” என்பாள். அந்தச் சொல்லைப் பறித்ததும் இதே வளர்ப்புதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. காலையில் ஷட்டில் ஆடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பின்னால் ஓடிப் பந்தை எடுக்கையில் கணுக்கால் பிறழ்ந்து, வெளிப்பக்கத் தசைநார் கிழிந்தது. மருத்துவர் எக்ஸ்ரேவைப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார். நல்லது. அடுத்து, “இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? வாக்கிங் போங்க போதும். ரெஸ்ட் எடுங்க” என்றார். ரெஸ்ட் எழுதிக்கொடுத்தவர் என் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. பெண்ணுக்கு எழுதப்படும் ஓய்வு பெரும்பாலும் விளையாட்டிலிருந்து மட்டும்தான். அடுப்படியிலிருந்து யாரும் ஓய்வு எழுதுவதில்லை.

பிசியோதெரபி வேண்டும் என்று நானேதான் கேட்டுப் போனேன். அங்கே இருந்தவள் என் மாணவிகளின் வயதுக்காரி. காலை அழுத்திப் பார்த்தாள், இரண்டு கால்களையும் ஒப்பிட்டாள், பிறகு கேட்டாள்: “நீங்க எதுக்குத் திரும்பிப் போகணும் மேடம்?” எனக்கு முதலில் புரியவில்லை. “நடக்கணும், காலேஜ் மாடி ஏறணும்” என்று தொடங்கினேன். “அது வந்துரும். அதுக்கு மேல?” என்றாள். கோர்ட்டின் பின்மூலைக்கு ஓடிப்போய் ஸ்மாஷ் அடிக்க வேண்டும் என்றேன். சிரிக்காமல் அட்டையில் எழுதிக்கொண்டாள். நாற்பது வயது தாண்டிய ஒரு பெண்ணின் ஸ்மாஷ் மருத்துவக் குறிப்பேட்டில் ஏறிய நாள் அது.

பிறகு நடந்தது மந்திரம் ஒன்றுமில்லை. ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்தேன். ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கி இறக்கினேன், ஐந்தில் தொடங்கி இருபத்தைந்து வரை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்றேன், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று மாதம். இந்த மூன்று மாதமும் வீட்டிலும் வெளியிலும் கேட்ட வாசகம், “வீட்டு வேலையே நல்ல எக்சர்சைஸ்தானே!” இல்லை. கூட்டிப் பெருக்குவதும் துணி அலசுவதும் உழைப்பு. அது உடம்பிலிருந்து எடுக்கும். சிகிச்சைப் பயிற்சி உடம்புக்குக் கொடுக்கும். அளவாகக் கூட்டி, இடையில் ஓய்வு விட்டு, எந்தத் தசைக்கு எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கும். இரண்டையும் ஒன்றென்பவர்கள் பெண்ணின் உழைப்பை மறுபடியும் இலவசமாக்குகிறார்கள்.

பிசியோ என்று பலகை மாட்டிய இடமெல்லாம் நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். “பத்து நாள் கரண்ட் வச்சாங்க, ஒண்ணும் ஆகலை” என்று சொல்லும் பெண்கள் நிறைய. மின்தூண்டலும் வெந்நீர் ஒத்தடமும் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், மெலிந்த தசையை அவை மட்டும் மீட்டுத் தராது. உங்களைப் படுக்கவைத்து இயந்திரத்தை மாட்டிவிட்டுப் போய், அரை மணியில் வந்து கழற்றிப் பணம் வாங்கும் இடத்தில் கேள்வி கேளுங்கள். என் காலைச் சோதித்தீர்களா? இரண்டு காலையும் ஒப்பிட்டு அளந்தீர்களா? வீட்டில் செய்ய என்ன பயிற்சி? நான் எப்போது ஓடலாம், அதை எந்தச் சோதனையை வைத்து முடிவுசெய்வீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவரிடம் இருங்கள்.

இது வசதி படைத்தவர்கள் பேச்சு, அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண்ணுக்குப் பிசியோவா என்று தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். எங்கள் கல்லூரிக் கபடி அணியில் யார் ஆடுகிறார்கள்? கட்டடத் தொழிலாளியின் மகள், நூறு நாள் வேலைக்குப் போகும் தாயின் மகள். வசதியான வீட்டுப் பெண்கள் பார்வையாளர் வரிசையில்கூட இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு அந்த முட்டிதான் சொத்து. அதை வைத்துத்தான் கல்லூரிக்கு வந்தார்கள், அதை வைத்துத்தான் காவல்துறைக்கோ ரயில்வேக்கோ போக நினைக்கிறார்கள். ஆலையில் கை அடிபட்டால் இழப்பீடு கேட்கத் தெரிந்த நமக்கு, கல்லூரியின் பெயர் பொறித்த பனியனோடு ஆடி அடிபட்ட காலுக்கு யார் பொறுப்பு என்று கேட்கத் தெரியவில்லை. கோப்பையை முதல்வர் அறையில் வைக்கிறார்கள், காயத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அரசால் முடியாததா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் முடங்கிக் கிடக்கும் முதியோரின் வீடுகளுக்கே போகிறார்கள். நல்ல திட்டம். வீடு தேடிப் போக முடிகிற மருத்துவருக்கு மைதானம் தேடி வருவதா கடினம்? ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒருவர் வேண்டாம், நான்கைந்து கல்லூரிகளுக்குச் சேர்த்து ஒரு பெண் பிசியோ, வாரத்தில் ஒருநாள் என்று தொடங்கலாம். படித்துவிட்டுச் சொற்பச் சம்பளத்தில் தனியார் நிலையங்களில் கரண்ட் வைத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கும் அது வேலை.

காயத்தோடு பெண்ணின் ஆட்டம் முடிந்தது என்பவர்களுக்கு வினேஷ் போகத்தின் முட்டிகளைக் காட்ட வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் முட்டி திரும்பி, ஸ்ட்ரெச்சரில் வெளியேறினார். 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், மல்யுத்தத்தில் அதை வென்ற முதல் இந்தியப் பெண். பாலியல் சீண்டலுக்கு எதிராக டெல்லித் தெருவில் உட்கார்ந்த அதே 2023-இல் இன்னொரு முட்டியில் அறுவை. அடுத்த ஆண்டு பாரிஸில் இறுதிப்போட்டி வரை போனார். எடையில் 100 கிராம் கூடியதென்று பதக்கம் மறுக்கப்பட்டது வேறு கதை. அறுவைக்கும் பாரிஸுக்கும் நடுவே ஓர் ஆண்டுகூட இல்லை. அந்த மாதங்களில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இருந்தார்கள், கருவிகள் இருந்தன, தினம் தினம் சலிக்காமல் செய்த பயிற்சி இருந்தது. மன உறுதி என்று நாளிதழ்கள் எழுதுவது இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. உறுதி என் மாணவியிடமும் இருந்தது. அவளுக்கு இல்லாமல் போனது ஒரு மருத்துவரும் ஒன்பது மாதமும்.

எனவே என் கோரிக்கைகள் இவை. அணியில் ஒரு பெண்ணைச் சேர்க்கும் கல்லூரி, அவள் காயத்துக்கும் அவள் மீட்புக்கும் செலவு ஏற்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடத் தயார்ப்பயிற்சி கட்டாயமாக வேண்டும். வீங்கிய மூட்டை யாரும் நீவக்கூடாது என்பது முதலுதவியாகச் சொல்லித்தரப்பட வேண்டும். மருத்துவர் எங்கள் அப்பாவிடம் அல்ல, எங்களிடம் பேச வேண்டும். திரும்பி ஆடலாமா என்பதை ஜாதகமோ மாத எண்ணிக்கையோ முடிவுசெய்யக் கூடாது, வலிமையை அளந்து சோதித்து முடிவுசெய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. அடிபட்டால் மருத்துவர் முன்னால் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். “நடக்க முடியுதா?” என்று அவர் கேட்பார். “முடியுது டாக்டர், நான் ஓடணும். அதுக்கு என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். பக்கத்தில் அம்மா கையைக் கிள்ளுவார்கள். கிள்ளட்டும். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.